பூசை போட்ட படகு

விக்டோரியா நீர்த்தேக்கத்தில் காற்று எழும்பிவிட்டது. பாய் படபடவென்று அடிக்கிறது, படகு கட்டுக்கயிற்றை இழுக்கிறது. என் மாலுமிகளோ இறங்குதுறையில் குனிந்து நின்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாரும் நான் பாய்ப்படகு பழக்கும் கண்டிப் பக்கத்துப் பிள்ளைகள். அடுத்த கிழமை திருகோணமலையிலிருந்து கரையோரமாகப் பாய்க்கப்பலில் போக வேண்டியவர்கள்; இன்றுதான் கடைசிப் பயிற்சி. காலையில் இந்தப் படகுக்குத் தேங்காய் உடைத்துச் சந்தனம் வைத்தது வினையாகிவிட்டது. "சப்பாத்தோட ஏறுங்கோ பிள்ளையள்," என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தளமெல்லாம் இரும்புக் கொக்கி, இழுபடும் கயிறு. வெறுங்காலோடு ஓடினால் நகம் பெயர்ந்துவிடும். தெல்தோட்டையிலிருந்து வந்த நிரோஷினி நிமிர்ந்து பார்க்கிறாள். "பூசை போட்ட படகு சேர். சப்பாத்தோட எப்படி ஏறுறது?" "நடுக்கடலில கால் உடைஞ்சா ஆர் பாக்கிறது?" "சாமி பாத்துக்கும் சேர்." துஷாந்த் அதற்குள் எல்லாச் சோடிகளையும் கோயில் வாசலில் போல வரிசையாக அடுக்கிவிட்டான். இவர்கள் ஏறி முடிப்பதற்குள் காற்று விழுந்துவிடும். "எப்பிடி ஏறுறதெண்டு நான் காட்டுறன், வடிவாப் பாருங்கோ," என்று படகுக்குள் தாவுகிறேன். எல்லாரும் என் காலையே பார்க்கிறார்கள். உள்ளங்காலில் ஈரப் பலகை சில்லென்கிறது. காலையில் கற்பூரம் காட்டியபோது கழற்றிய சப்பாத்தை நான் திரும்பப் போடவே இல்லை. நிரோஷினி வரிசையின் கடைசியிலிருந்து பெரிய கறுப்புச் சப்பாத்துச் சோடியை எடுத்து வருகிறாள். படகில் பட்டுவிடாமல் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து, "ஒங்களோடது சேர்," என்கிறாள்.