கூரைமேல் நான்கு மணி நேரம்

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினான்.

பொத்.

உள்ளே காற்று. சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

வேனின் கூரைமேல் மண்டியிட்டிருந்தான். மேலே பைபர் தகடு, அடியில் பிளைவுட். இரண்டையும் பிடித்திருந்த பசை விட்டுப்போயிருந்தது. போன மழைக்கு வேனுக்குள் இருந்த கட்டிலில் சொட்டியது. நனையாத பாதி அவளுடையது. அவன் அங்கே நகர்ந்து படுக்கவில்லை.

அவள் போய் ஏழு மாதம்.

கீழே பட்டறையில் ஒரு பஸ்ஸுக்குத் தகரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கரூரில் வெயில் காலையிலேயே ஏறிவிடுகிறது. தகட்டை மொத்தமாக உரித்துவிட வேண்டியதுதான் என்று பட்டறைக்காரர் சின்னராசு சொல்லியிருந்தார். எதற்கும் விட்ட இடங்களை அவன் குறித்து வைக்கட்டும், கட்டரோடு வருகிறேன் என்றார்.

பொத். பொத். பொத்.

டக்.

கை நின்றது. மறுபடி தட்டினான்.

டக்.

குறி போடாமல் நகர்ந்தான். எல்லாம் முடிந்ததும் எழுந்து நின்று பார்த்தான். கூரை முழுக்க வெள்ளைக் குறிகள். நடுவில் மட்டும் நீளமாகக் குறி விழாத ஓர் இடம். ஐந்தடி இருக்கும். முழங்கால் வரவேண்டிய இடத்தில் கொஞ்சம் மடங்கியிருந்தது.

அவள் ஒருக்களித்துத்தான் படுப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன் பழைய வேனை வாங்கி வீடாக்கியபோது, இதே பட்டறையில்தான் தகட்டை ஒட்டினார்கள். பசை இறுக நான்கு மணி நேரம் பாரம் வேண்டும் என்றார் சின்னராசு. நடுப்பகுதிக்கு வருவதற்குள் மணல் மூட்டைகள் தீர்ந்துவிட்டன. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறி வந்து படுத்தாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் அஞ்சு கிலோ ஏத்திட்டு வந்திருப்பேன்ல."

பக்கத்தில் அவன் படுத்தான்.

பாதியிலேயே மூட்டைகளை வேறு வண்டிக்கு எடுத்துப் போனார்கள். அவள் அசையவில்லை. துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கியே போனாள்.

அவன் எழுந்து எழுந்து போனான். மூலை பிடித்திருக்கிறதா என்று பார்க்க. போன் பேச. டீ குடிக்க.

இப்போது குனிந்து, அவள் இடத்துக்குப் பக்கத்து இடத்தை இன்னொரு முறை தட்டினான்.

பொத்.

மருத்துவமனையிலும் டீ குடிக்கத்தான் கீழே இறங்கியிருந்தான். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

சின்னராசு கட்டரோடு ஏறி வந்தார். நடுவில் இருப்பதை மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டான். அவர் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். இவ்வளவு நன்றாகப் பிடித்திருப்பதை உரித்தால் பலகையும் பிய்ந்துகொண்டு வரும் என்றார். அவன் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். கட்டரைக் கீழே கொடுத்தனுப்பினார். மற்ற இடங்களில் துளை போட்டுப் பசை ஏற்றலாம், ஆனால் நான்கு மணி நேரம் பாரத்தை எடுக்கக் கூடாது என்றார்.

மதியத்துக்குள் பசை ஏற்றி முடித்தார்கள். இப்போது பட்டறையில் மூட்டைகள் ஏராளம். வரிசையாக அடுக்கினார்கள். ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் மூட்டை வேண்டாம் என்றான்.

செருப்பைக் கழற்றினான்.

படுத்தான்.

தகடு சட்டையைத் தாண்டிச் சுட்டது. இடது கைப்பக்கம் அவள் இடம். கையை அதன்மேல் நீட்டவில்லை.

இரண்டு முறை போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது.

வெயில் சாயத் தொடங்கியது. கீழே டம்ளர்கள் உரசும் சத்தம் கேட்டது.

"தம்பி, டீ வந்துருச்சுங்க. எறங்கி வாங்க."

ஆறிவிடும் என்று இன்னொரு முறையும் கூப்பிட்டார் சின்னராசு.

அவன் கைக்குட்டையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டான்.