பூட்டிய படம்

கடல் மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்த அப்பாவை அன்றைக்கே அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. தோஹா வேலையில் விடுப்புக் கிடைக்காத சுகிர்தா, "கடைசியா மொகத்தயாவது அனுப்புல" என்று போனில் அழுதாள். தம்பி டார்வின் ஒரே ஒரு படம் எடுத்து, அதற்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி அனுப்பினான்.

"தெரியாமக் கைபட்டுத் தெறந்துறக் கூடாதுக்கா. பாத்தே ஆகணும்னு இருந்தா கேளு, சொல்லுதேன்."

அவள் கேட்கவே இல்லை. இரண்டு முறை போன் மாற்றினாள். படமும் பூட்டோடு கூடவே வந்தது. கனவில் அப்பா எப்போதும்போல வெற்றிலைச் சிவப்போடு சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வருட நினைவுநாளில் தம்பியைக் கூப்பிட்டாள். "அந்தச் சிரிப்ப எனக்குக் காப்பாத்திக் குடுத்தது நீதாம்ல. நல்லா இருப்ப. ஒனக்கும் கனவுல வாராரா?"



"வாராருக்கா. ஆனா சிரிக்க மாட்டாரு. பூட்டுறதுக்கு முன்னாடி நான் பாத்துட்டம்லா."

சுகிர்தா அந்தப் படத்தை விரலால் தொட்டாள். பாஸ்வேர்டு கேட்கும் வெள்ளைக் கட்டம் வந்தது.

"சொல்லுல," என்றாள். "நீ ஒத்தையில பாத்தது போதும்."