அதே ஆள்

தாலிக்கு நாற்பதாயிரம், அதற்குமேல் பைசா பெயராது என்றார் குற்றாலிங்கம். அதைக் கோமதியின் கழுத்தில் கட்டியவரே அவர்தான். அடகுக்கடையை மூடிப் பல வருடமாகிறது; இப்போது வீட்டுக் கட்டிலையே கடை என்று நினைத்துக்கொள்கிறார். ஆள் அதே ஆள்தான், நினைவு மட்டும் போய்விட்டது என்றார் டாக்டர். நினைவு போனபின் மிச்சமிருப்பது யாரென்று கோமதி கேட்டாள். டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதி நீட்டினார்.

"கொஞ்சம் கூடப் போட்டுக் குடுங்க" என்றாள் கட்டிலில் இருந்தவரிடம், பேச்சு வளரட்டும் என்று.

"தராசு உங்களுக்காகப் பொய் சொல்லுமாம்மா?"

சிரித்தபடி தாலியைத் தொடப்போனவர் கையை இழுத்துக்கொண்டார். புருஷன் நேரில் வராமல் தாலியை அடகு பிடிப்பதில்லை என்பது அவர் கடை வழக்கம்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"அவரைத்தான் தேடிட்டு இருக்கேன்."

"கிடைச்சதும் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் கழுத்துலயே கிடக்கட்டும்."