தொடக்கூடாத கை

தலை வெளியே வந்துவிட்டது. தோள் மாட்டிக்கொண்டது.

வந்த தலை ஆமைத் தலை மாதிரி மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டதை மருத்துவச்சி பார்த்தாள். பார்க்க மட்டும்தான் அவளுக்கு அனுமதி.

போன வருஷம் இவள் பார்த்த பிரசவம் ஒன்றில் குழந்தை தவறிவிட்டது. விசாரணை நடந்தது. வேலையைப் பிடுங்கவில்லை, புண்ணியவான்கள். மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாமல் யாரையும் தொடக்கூடாது, தொட்டால் அன்றோடு வேலை போச்சு என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்து தொலைத்தாளோ என்று வார்டில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மேற்பார்வையாளர் இவளைவிடச் சின்னவள், நல்ல பெண். அடுத்த அறையில் ஒருத்திக்கு ரத்தம் நிற்கவில்லை என்று கூப்பிட்டதும், எதையும் தொட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மருத்துவச்சி அழைப்பு மணியை விடாமல் அழுத்தினாள். ஆயாவை அனுப்பினாள். போன ஆயா போனவள்தான்.

குழந்தையின் முகம் நீலம் பாரித்துக்கொண்டே வந்தது.

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அது மட்டுமா? பிள்ளை எடுப்பதைத் தவிர இந்தக் கைக்கு ஒரு மண்ணும் தெரியாது. இரண்டு கையையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

படுத்திருந்தவள் இவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியும்ல? ஏதாச்சும் பண்ணுங்கக்கா."

தெரியும். அதுதான் வினையே.

வேலையாவது மண்ணாங்கட்டியாவது. தொடைகளை மடக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கையை உள்ளே விட்டாள். குழந்தையின் அடிப்பக்கம் கிடந்த கையைத் துழாவி, முழங்கையில் மடக்கி, மார்பு வழியாக மெல்ல வெளியே எடுத்தாள். தோள் விட்டது. பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்தது.

அழவில்லை.

துணியால் முதுகைத் தேய்த்தாள். அழு கண்ணு, அழு என்று கெஞ்சினாள். வந்ததே தாமதம், அழுவதற்கும் யோசித்தது. அப்புறம் வீறிட்டது.

மேற்பார்வையாளர் வாசலில் நின்றாள். குழந்தையைப் பார்த்தாள். பிறகு ரத்தம் தோய்ந்த அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்ததை மேலே சொல்லியே ஆக வேண்டியவள் அவள்.

"யாரக் கேட்டு சிஸ்டர் கை வச்சீங்க?"

மருத்துவச்சி குழந்தையைத் தாயின் மார்பில் வைத்தாள்.

"போன தடவ டாக்டர் வரட்டும்னு கை வைக்காம நின்னேன், மேடம். அதுக்குத்தான் எனக்கு இந்தத் தண்டனை."