ரொட்டிக்காரர் வந்தார்

"அது வேணாம் அண்ணி. அதுல ராஜா செத்ததும் அவரோட குதிரைங்களையும் சேர்த்துப் புதைச்சிடுறாங்க."

டீச்சர் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"அப்போ இது?"

"முதல் அத்தியாயத்துலயே கூடப்பிறந்த தம்பியைக் கொன்னுடுறான்."

"பண்டைய வரலாறுன்னா பின்ன எப்படி இருக்கும்? எல்லாரும் ஒத்துமையா உட்கார்ந்து பானை செஞ்சாங்கன்னா இருக்கும்?"

"பானை அத்தியாயம் நல்லா இருந்துச்சு அண்ணி. ரெண்டு தடவை படிச்சோம்."

டீச்சர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வரலாற்று டீச்சராகவே தலை நரைத்தவர். ஒரு ராஜாவின் பட்டத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனால்கூட மார்க்கைக் குறைத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு தம்பி மனைவி!

தம்பி மகளுக்கு வீட்டில் பெயர் பொடிசு. எட்டு வயது. வகுப்பில் ஒரு போர்ப் பாடம் கேட்டுவிட்டு வந்து, சாப்பிடாமல் தூங்காமல் கிடந்தவள். அதோடு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, அம்மாவே வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். தம்பிக்கு மனசு கேட்கவில்லை. 'ஒருநாள் வந்து பாருக்கா. வீட்டுல படிக்கிறதா, ஸ்கூலுக்கே அனுப்புறதா? நீ என்ன சொல்றியோ அதுதான்' என்று கூப்பிட்டிருந்தான். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பான்.

மேஜை ஓரத்தில் ஒரு புத்தகம். எரிமலைச் சாம்பல் மூடிய பழைய நகரத்தின் கதை. நடுவில் இரண்டு தாள்களைச் சேர்த்து ஒரு கிளிப் மாட்டியிருந்தது.

"இது என்ன?"

தம்பி மனைவி புடவைத் தலைப்பைத் திருகினாள். "அதை நேத்து படிச்சுக் காட்டிட்டேன் அண்ணி. அந்த ஒரு இடத்தை மட்டும் கொஞ்சம்... மாத்திட்டேன்."

"மாத்திட்டியா?"

"ஒரு நாயைச் சங்கிலில கட்டிப் போட்டுட்டு எல்லாரும் ஓடிடுறாங்க. அது அங்கேயே... அதான், பக்கத்து வீட்டு ரொட்டிக்காரர் வந்து அவுத்து விட்டாருன்னு படிச்சேன்."

டீச்சரின் மூக்குக்கண்ணாடி நழுவியது.

"எரிமலை வெடிக்கிறப்போ ரொட்டிக்காரருக்கு அடுத்த வீட்டு நாயை அவுக்கிறதுதான் வேலையா? அவர் கடையில மாவு அரைக்கிற கழுதை கட்டிக் கிடக்குமே, அதை யாரு அவுப்பா?"

"கழுதையை நான் யோசிக்கலை அண்ணி."

"வரலாற்றுல ஒரு கால்புள்ளியை மாத்தக்கூட நமக்கு உரிமை கிடையாதும்மா. இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தா நாளைக்கு உலகத்தை எப்படிப் பார்ப்பா? இன்னிக்கு நான் படிக்கிறேன். உள்ளது உள்ளபடி. அழுதா அழட்டும். அடுத்த வாரமே ஸ்கூலுக்கு அனுப்பச் சொல்றேன் அவன்கிட்ட."

தம்பி மனைவி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

பொடிசு சோபாவில் அத்தையை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் வகுப்பறைக் குரலில் ஆரம்பித்தார். மலை புகைந்தது. வானம் இருண்டது. சாம்பல் கொட்டியது. ஜனங்கள் தலையணையைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடினார்கள். பொடிசு அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாளே தவிர, அழவில்லை.

டீச்சர் கிளிப்பைக் கழற்றினார். சின்னக் கை ஒன்று வந்து அந்தப் பக்கத்தை மூடியது.

"இங்க ரொட்டிக்காரர் வருவாரு அத்தை."

"இல்லடா கண்ணு. நிஜமா நடந்தது என்னன்னா..."

"தெரியும். நேத்து அம்மா துணி எடுக்க மாடிக்குப் போனப்போ கிளிப்பை எடுத்துட்டுப் பார்த்தேன். படம்கூட இருக்கு. கழுத்துல பட்டையோட."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அழலையா நீ?"

"அழுதேன். அப்புறம் மூஞ்சியைக் கழுவிட்டு, கிளிப்பை மாட்டி வெச்சுட்டேன்."

"அம்மாகிட்ட ஏன் சொல்லலை?"

பொடிசு சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அத்தையின் காதருகே வந்தாள்.

"அந்த இடம் வந்ததும் அம்மாவுக்குக் குரலே வரலை. அவங்களுக்கு அது தாங்காது அத்தை. ரொம்பக் கஷ்டப்பட்டு அவுத்து விட்டிருக்காங்க. நீங்க மறுபடியும் கட்டிப் போட்டுடாதீங்க."

டீச்சருக்கு எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. இதே நாயைப் பற்றி எத்தனையோ வகுப்புகளில் பாடம் நடத்தியிருக்கிறார். கேள்வித்தாளில்கூடக் கேட்டிருக்கிறார். ஒரு நாளும் இப்படி ஆனதில்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. தம்பி மனைவி ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"அழுதுட்டாளா அண்ணி?"

"இங்க யாரும் அழலை," என்று டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அவர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"உன்கிட்டயே படிக்கட்டும்னு சொல்றேன். இப்போ வந்து உட்காரு. முக்கியமான இடம்."

அவள் வந்து மகளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புத்தகத்தை நன்றாக உயர்த்திப் பிடித்து, கணீரென்று படித்தார்:

"அப்போது பக்கத்து வீட்டு ரொட்டிக்காரர் ஓடி வந்து நாயை அவிழ்த்து விட்டார். வரும்போதே தன் கழுதையையும் அவிழ்த்து விட்டுத்தான் வந்திருந்தார்."