பிஸ்கட் தூள்

புதிதாகக் குடிவந்த ஊரில் சுகிர்தா மகளைத் தூக்கிக்கொண்டு ஏறும் மூன்றாவது ஆஸ்பத்திரி இது. முதல் டாக்டர், கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்று சிரித்தார். அடுத்தவர் பூச்சி மருந்து எழுதினார். குடல் நோய் நிபுணரான இவருடைய பட்டங்கள் வாசல் பலகையில் ரயில் பெட்டிகளாக நீண்டிருந்தன. கோதுமை பிஸ்கட்டைக் கடித்தபடியே அவள் சொன்னதைக் கேட்டார்.

"சோத்தக் குறைச்சு சப்பாத்தி குடுங்க. புள்ள தெம்பாயிடும்."

"கோதுமையே ஆகாதுன்னுதானே சார் இவ்ளோ நேரமா கத்துறேன்! துளி உள்ள போனாலும் இவ குடலு புண்ணாயிடும்."

"நீங்களா எதையாவது நெனச்சுப் பயப்படாதீங்கம்மா."

விரல்களில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிக்கூட விடாமல் ஜெர்லினின் தாடையைப் பிடித்தார்.

"எங்க, நாக்க நீட்டு பாப்பா."

ஆறு வயது ஜெர்லின் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் கண் அந்த விரல்களிலேயே இருந்தது.

"வாயத் திறக்கச் சொல்லுங்கம்மா. வெளிய எவ்ளோ பேரு காத்திருக்காங்க!"

சுகிர்தா அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். மூலையிலிருந்த குழாயைக் கண்ணால் காட்டினாள்.

"எந்திரிங்க. போய்க் கையக் கழுவிட்டு வாங்க."

வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவள் பிடியை விடவில்லை.