குங்குமம் வைத்த வயர்

மூச்சை அடக்கிக்கொண்டு அவள் வயரைத் தொட்டாள்.

பிசுபிசுத்தது.

ஒரு சாண் நீளம். இரு முனைகளிலும் உறை சீவப்பட்டுச் செம்பு கறுத்திருந்தது. நடுவில் காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜையன்று ஸ்பேனர்களோடு இதையும் வரிசையில் வைத்துப் பொட்டிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து மின்சாரப் பேனலின் கதவில், சாமி படம் மாட்டிய அதே ஆணியில் இதுவும் தொங்குகிறது.

எத்தனை பேருடைய கை அழுக்கு.

கம்ப்ரசர் நின்றுபோயிருந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது முறை. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் அதை நிறுத்திவிட ஒரு சுவிட்ச் இருக்கிறது. நின்ற பிறகு ஐந்து நிமிடம் மறுபடி ஓட விடாமல் பிடித்துவைக்க ஒரு டைமர் இருக்கிறது. அதுவரை சிவப்பு விளக்கு எரியும். உள்ளே எல்லாம் அடங்க வேண்டும். நுரைத்த எண்ணெய் கீழே இறங்க வேண்டும்.

பேனலுக்குள் இரண்டு முனைகளுக்கு நடுவில் இந்த வயரைச் செருகிவிட்டால், எதுவும் அடங்க வேண்டியதில்லை; அந்தக் காவலை மீறிக் கம்ப்ரசர் உடனே ஓடும்.

வெளியே பால் லாரி நின்றது. கம்ப்ரசர் ஓடித் தண்ணீரைக் குளிர்விக்காமல் பாலை இறக்க முடியாது.

மேனேஜர் சென்னியப்பன் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். தரையில் போட்டிருந்த அந்தக் கோட்டை அவர் தாண்டி அவள் பார்த்ததில்லை. பேனலைத் தொட்டும் பார்த்ததில்லை. சொல்வதோடு சரி.

"மாட்டியுடு அம்மிணி. ஒண்ணும் ஆவாது."

ஆபரேட்டர் மாரப்பனிடமும் இதையேதான் சொன்னார். போன மாதம், பக்கத்துக் கம்ப்ரசரின் முன்னால்.

அவன் மாட்டினான்; எண்ணெய் இல்லாமல் ஓடி ஓடி அந்தக் கம்ப்ரசர் இறுகிப்போனது. பிரித்தபோது தார் போல ஒன்று ஒழுகியது. அழுகிய முட்டையின்மேல் ரப்பரைக் கொளுத்திப் போட்ட நாற்றம். அன்று வீட்டில் சோற்றைப் பிசையும்போதும் அது அவள் விரல்களில் இருந்தது.

விசாரணையில் மேனேஜர் கேட்டது ஒரே கேள்விதான். வயரை மாட்டியது யார் கை?

மாரப்பன் தன் கையைப் பார்த்தான்.

அவன் வேலை போனது. அவனுடைய ஷிப்ட்தான் இப்போது அவளுக்கு. ஒப்பந்த வேலை. வாசலில் நிற்கும் லாரிகளைவிட வேலை கேட்டு நிற்கும் ஆட்கள் அதிகம் என்று சற்று முன்பு அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

பஜ்ஜி தீர்ந்தது. விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். மிச்சத்தைச் சுவரில் துடைத்தார்.

அந்தச் சுவரில் அவருடைய பழைய விரல் தடங்களும் இருந்தன.

அவள் வயரை அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே மாட்டுங்க சார்."

குரல் தன்னுடையது போலவே இல்லை.

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. பல்லிடுக்கில் எதையோ நாக்கால் துழாவினார். அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

துப்புரவு வேலை செய்யும் பாவாத்தா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழாய் மூட்டில் ஒழுகிய பால் நேற்றே புளித்திருந்தது. துணியை வாளியில் முறுக்கிப் பிழிந்தாள்.

இங்கே வா, இந்த அம்மிணி கையில் இருப்பதை வாங்கி அந்தப் பெட்டியில் செருகு என்றார் அவர். குடிக்கத் தண்ணீர் கேட்பது போல.

பாவாத்தா வாளியோடு வந்தாள். கீழே வைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். சரியாகக்கூடத் துடைக்கவில்லை.

"எந்த ஓட்டையிலீங்க சார்?"

எங்கே என்று கேட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. கையை நீட்டினாள். நகக்கண்களில் தண்ணீர் சொட்டாக நின்றது.

வயர் அந்தக் கையை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

தன் முழங்கை நீண்டிருப்பதை அவள் பிறகுதான் கவனித்தாள்.

அதற்கும் முன்பே நெஞ்சுக்குள் ஏதோ லேசாகியிருந்தது. அப்பாடா என்று. என் கை இல்லை என்று.



இவ்வளவு நேரம் அந்த விரல்களைப் பார்த்து அருவருத்தாளே. அந்த நாக்கை. அந்தச் சுவரை.

அவளும் இப்போது பாவாத்தாவைச் சுவராக்கித் தன் கையைத் துடைக்கப் பார்த்தாள்.

விரல்களை விரித்தாள்.

வயர் வாளிக்குள் விழுந்தது. பெரிதாகச் சத்தம் இல்லை. புளித்த பால், மயிர், மண், துணியின் நூல்கள். எல்லாவற்றுக்கும் அடியில் போய்விட்டது. சற்றுக் கழித்துக் குங்குமம் மட்டும் கரைந்து மேலே வந்தது.

பாவாத்தா குனிந்து பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அவர்கள் இருவரையும் பார்த்தாள்.

"ஈரமாயிருச்சுங்களே. இதப் போயி கரண்டுப் பெட்டில வெக்க நா மாட்டனுங்க. சார் வேணும்னா எடுத்துக்கட்டும்."

சொல்லிவிட்டு வாளியைக் காலால் மெல்லத் தள்ளினாள். அது மஞ்சள் கோட்டின் மேல் போய் நின்றது. கொஞ்சம் தளும்பி அவருடைய ஷூவின் முனையை நனைத்தது.

அவர் வாளியைப் பார்த்தார். பிறகு தன் கையை.

வெளியே லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். விடாமல் அழுத்தினான்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அதிலும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருந்தது. துப்பட்டாவின் நுனியை எடுத்தாள்.

துடைக்கவில்லை.